பெரிய கல்லில் மறுபடியும்

நமுனுகுல,
ஆவணி மாதம், ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை அம்மா தூங்கிய பிறகு குசினியில் உட்கார்ந்து கேட்டேன். மனசு ஆறாமல் திரும்பவும் போட்டுக் கேட்டேன். உடனே போன் எடுத்துப் பேசலாம்தான். ஆனால் நம் லயத்துச் சுவர் உனக்குத் தெரியாதா, இந்தக் காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்கும் சேர்த்துத்தான். அதனால் எழுதுகிறேன். எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன், ஆறுதலாகப் படி.

முதலில் ஒன்று. இவ்வளவு நாளும் ஏன்டா சொல்லவில்லை? கட்டாரில் உன்னோடு வேலை செய்கிறவன் சாரத்திலிருந்து தவறி, கொக்கியில் தொங்கி, அவனைக் கீழே இறக்கும்வரை நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். அதன் பிறகு மூன்றாவது தட்டுக்கு மேலே உனக்குக் கால் வரவில்லை. கீழே கிளாம்பு துடைக்கிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள், கூட இருப்பவர்கள் கேலி பண்ணுகிறார்கள். இதையெல்லாம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா, சாப்பாடெல்லாம் நல்லம்" என்று சொன்னாய். அம்மா நம்பிவிட்டாள். எனக்கு உன் குரல் சரியாகப் படவில்லை. ஆனால் கேட்டால் நீ மழுப்புவாய் என்று பேசாமல் இருந்தேன்.

உனக்குப் பயம் வந்ததில் ஒரு வெட்கமும் இல்லை, தம்பி. பார்த்த கண்ணுக்கு அது தெரியும், காலுக்கும் தெரியும். அடகு வைத்த சங்கிலியை மீட்கவேண்டும், வட்டி ஏறுகிறது என்றெல்லாம் நீ பதிவில் சொன்னாய். சங்கிலி வங்கியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீ நடுங்குகிற காலோடு உயரத்தில் நிற்பதை அம்மாவும் விரும்பமாட்டாள், நானும் விரும்பமாட்டேன். அதை மனதிலிருந்து எடுத்துவிடு.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் நான் பெரிய கல்லில் அடிபட்டதை அம்மா உனக்கு "அக்கா மலையில் வழுக்கிட்டா" என்று சொல்லியிருப்பாள். நடந்தது வழுக்கல் இல்லை. கோயில் லயத்துக்காரி எல்லவில் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அங்கே கயிறு கட்டி ஏறுவது, இறங்குவது எல்லாம் முறையாகப் பழகிக்கொண்டு, லீவு நாளில் கயிற்றைக் கொண்டுவந்து என்னையும் பழக்கினாள். நாம் சின்ன வயதில் விறகுக்கும் கொய்யாவுக்கும் போய், அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போமே, அதே கல்தான். பின்பக்கத்துப் பத்தனைப் புல்வெளி வழியாகச் சுற்றிப் போய், மேலே நிற்கும் பெரிய மரத்திலும் ஒரு பாறையிலும் தனித்தனியாகக் கட்டி, அதிலிருந்து கயிற்றைத் தொங்கவிடுவாள். நான் ஏறுவேன். அவள் அடியில் நின்று, நான் ஏற ஏறத் தொய்வை இழுத்துப் பிடிப்பாள்.

அன்றைக்குப் பாறை மேலுக்குக் காய்ந்துதான் இருந்தது. ஆனால் கார்த்திகை, மார்கழி மழை வெடிப்புக்குள் இறங்கிக் கிடந்திருக்கிறது. பாதிக்கு மேலே, ஒரு வாட்டமான இடத்தில் வலது கையால் பிடித்த கல் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நான் இடப்பக்கம் தள்ளி ஏறியிருந்ததால் நேரே விழாமல் பக்கவாட்டில் வீசப்பட்டு, இடுப்பும் முழங்கையும் பாறையில் மோதின. எலும்பு ஒன்றும் முறியவில்லை. வீக்கம் வற்றியது, காயம் ஆறியது, பள்ளிக்கூடம் போனேன், வந்தேன்.

ஆறாதது வேறு. ஸ்பிரிங்வெலி பாதையில் பஸ் வளைவு எடுக்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் மேல் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க வாங்கில் ஏறினால் உள்ளங்கை வியர்க்கும். இரவில் அந்தக் கல் கையோடு வருகிற அந்த ஒரு கணம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். விழுந்தது வராது, அடிபட்டது வராது. பிடித்ததை நம்பினேன், அது நிற்கவில்லை என்பது மட்டும்தான் வரும். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவன் தொங்கியதைவிட, அவன் நின்ற பலகை அவனுக்குக் கீழே இல்லாமல் போனதுதான் உன் கண்ணில் நிற்கும்.

அம்மாவிடம் சொல்ல முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதிலிருந்து, பலத்த மழை பெய்கிற இரவில் அம்மா விளக்கை அணைப்பதில்லை. அவளிடம் போய் எனக்கு மலையைக் கண்டால் பயம் என்றால், அவள் பயத்தையும் சேர்த்து நான்தான் சுமக்கவேண்டும்.

கோயில் லயத்துக்காரியும் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் வருத்தம். ஆடி மாதம் ஒரு நாள் மாலை வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ விழுந்ததில இருந்து எனக்குக் கயிறு பிடிக்கிறப்ப கை நடுங்குது. எல்லவில வேலைக்குப் போறேன், செய்றேன். ஆனா ஒவ்வொருத்தரும் ஏறுறப்ப எனக்கு நீதான் தெரியுற."

எனக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது, தம்பி. விழுந்தவளுக்குத்தான் பயம் என்று நான் நினைத்திருந்தேன். பிடித்தவளுக்கும் அது இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல் இத்தனை மாதம் ஒதுங்கி இருந்திருக்கிறோம். அன்றைக்கு ராத்திரிவரை பேசினோம். பேசி முடித்தபோது மறுபடி பெரிய கல்லுக்குப் போவது என்று தீர்மானமாகிவிட்டது.

ஆடியில் நம் பக்கம் எப்படி இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். கச்சான் காற்று மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி வந்து, ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, இங்கே வறட்டு வறட்டென்று அடிக்கும். கொழுந்து குறைந்து, தேயிலைக்கு மட்டும் நல்ல வாசம் ஏறி, ஊவாத் தேயிலை என்று உலகமெல்லாம் கேட்கிற சரக்கு வருகிற காலம். பாறைக்கும் அதுதான் நல்ல காலம். வெடிப்புக்குள் ஈரம் இல்லை, பாசி காய்ந்து உதிர்ந்திருந்தது, கையை வைத்தால் ஒட்டியது.

அவள் என்னை ஏறச் சொல்லவே இல்லை. முதலில் இருவரும் மேலே போய்க் கட்டுகளைப் பார்த்தோம். இந்த முறை கயிறு நான் ஏறும் தடத்துக்கு நேர்மேலே வருகிற மாதிரி இடம் மாற்றிக் கட்டினாள். தவறினாலும் பக்கவாட்டில் வீசாது. பிறகு கீழே வந்து இடுப்புப் பட்டியின் வார்களை இழுத்துப் பார்த்தாள், நான் போட்ட எட்டு முடிச்சைப் பார்த்தாள், அவளுடைய பூட்டு பூட்டியிருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். முன்பும் பார்ப்போம்தான். அன்றைக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்.

ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் ஏறியதும் "நில்லு, இப்ப கையை விடு" என்றாள். வேண்டுமென்றே விழச் சொன்னாள். எனக்கு விரல் விடவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. "விடுறப்ப சொல்லு, நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். விட்டேன். கயிறு கொஞ்சம் இழுபட்டு, மெதுவாக என்னை ஏந்தியது. மலையேறும் கயிற்றை இழுபடுகிற மாதிரித்தான் செய்கிறார்கள், விழுகிற வேகத்தை அது தன்மேல் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதற்காக. இது எனக்குத் தெரிந்த விசயம்தான், ஆனால் உடம்புக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் ஏறுவது, சொல்லிவிட்டு விடுவது, தொங்குவது, பிறகு இன்னும் கொஞ்சம் ஏறி விடுவது. அன்று காலை முழுக்க இதைத்தான் செய்தோம். ஒரு தடவை கீழே பார்த்தேன். அவள் முகத்தில் வியர்வை வழிகிறது, ஆனால் கயிற்றைப் பிடித்த கை ஆடவில்லை. "இப்ப நடுங்குதா?" என்று கேட்டேன். "இல்ல, நின்னுருச்சு" என்றாள்.

அதன் பிறகுதான் மேலே போனேன்.

கல் பெயர்ந்த இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் கறுத்து, சாம்பல் நிறப் பாசி படர்ந்திருக்க, அந்த ஒரு இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறி, புதுக் கல்லாக இருந்தது. கிட்டப் போனபோது அதில் கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளிகள், வெயிலில் மினுங்கின. நம் மலைப் பாறைக்குள் கார்னெட் என்ற கல் இப்படிப் பொடிப் பொடியாகக் கிடக்கும். இத்தனை மாதம் எனக்குத் தூக்கம் வராமல் செய்த இடத்துக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது இடது கால் ஆடத் தொடங்கியது. முழங்காலிலிருந்து பாதம்வரை தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, நிறுத்தவே முடியவில்லை.

கத்தினேன்: "காலு ஆடுது! எனக்குப் பயமா இருக்கு!"

அவள் கீழேயிருந்து சொன்னாள்: "கயிறு இறுக்கமா இருக்கு. குதிகாலைத் தாழ்த்து. மூச்சை வெளியில விடு."

குதிகால் தூக்கி நுனிக்காலில் நின்றால் கெண்டைச் சதை இறுகி நடுங்கும். குதிகாலைத் தாழ்த்தினால் பாரம் எலும்புக்கு இறங்கும், பாதமும் பாறையில் நன்றாகப் படியும். ஆட்டம் நின்றது. அப்போது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தாள். செங்குத்து மலையில் கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பித் தேயிலைத் தூரில் அண்டக் கொடுத்து, பாரத்தை இறக்கிப் பார்த்துவிட்டுத்தானே அடுத்த அடி வைப்பாள். விறகுக்குப் போகும்போது நம்மிடமும் சொல்வாளே: "காலு நின்னுச்சான்னு பாரு, அப்புறம் கையை எடு." நீ அதைக் கேட்காமல் தாவிக் குதித்து ஏச்சு வாங்குவாய்.

நான் கையைத்தான் நம்பி ஏறிக்கொண்டிருந்தேன் என்பது அங்கே புரிந்தது. காலை வைத்தேன், பாரத்தை இறக்கினேன். எட்டிப் பிடிக்கும் கல்லை முதலில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். உள்ளே பொய்யாக இருந்தால் வெறுமையாகச் சத்தம் கேட்கும். அதைத் தொடாமல் விட்டு, கெட்டியாகக் கேட்டதைப் பிடித்தேன். வெளிறிய இடத்தைக் கடந்தேன். அதற்கு மேலே சுலபம்தான், சீக்கிரம் ஏறிவிட்டேன். உச்சியில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் பசறை, அதற்கு அப்பால் மடுல்சீமை மலை மங்கலாகத் தெரிந்தது. நமுனுகுல மலை நமக்கு மேலே இன்னும் உயரமாக நின்றது, 2,000 மீட்டருக்கும் மேல். அவளும் சுற்றி நடந்து வந்தாள். இரண்டு பேரும் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டோம்.

சாப்பிடும்போதுதான் அவள் யொஹான் பீரிஸ் கதையைச் சொன்னாள். 2016இல் ஜயந்தி குரு உதும்பாலவும் அவரும் சேர்ந்து எவரெஸ்ட்டுக்குப் போனார்கள். மே 21ஆம் திகதி ஜயந்தி உச்சியைத் தொட்டு, அங்கே ஏறிய முதல் இலங்கையர் ஆனார். அது பேப்பரில் வந்தது, நம் பள்ளிக்கூடச் சுவரில்கூடப் படம் ஒட்டினோம். யொஹானுக்கு உச்சிக்கு 400 மீட்டர் போல இருக்கும்போது ஒட்சிசனில் கோளாறு வந்து, திரும்ப வேண்டியதாகிவிட்டது. கண்ணுக்கு எட்டின தூரத்தில் உச்சி. அவர் இறங்கினார். உயிரோடு வீட்டுக்கு வந்தார். 2018 மே 22இல் மறுபடி போய் உச்சியில் நின்றார். 2016இல் அவர் இறங்கியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அன்றைக்கு வீம்புக்கு மேலே போயிருந்தால் 2018 அவருக்கு இருந்திருக்குமா?

உனக்குச் சொல்ல வந்ததும் அதுதான். மேலே போகாமல் நின்றது சரி. யார் கேலி பண்ணினாலும் பண்ணட்டும். ஆனால் அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு தனியாகப் படுக்காதே. உன் அறையில் ஒரு நேபாளப் பையன் இருப்பதாகச் சொன்னாயே, வேலையில் உனக்குக் குழாய் எடுத்துக் கொடுப்பவன், தலைவலிக்கு மருந்து வாங்கி வந்தவன், அவனிடம் சொல். உன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு உன் கால் ஆடுகிறது என்பது தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தால்தான் உன்னைப் பார்த்துக்கொள்வான். அவனும் அந்த விபத்தைப் பார்த்தவன்தானே, அவனுக்குள்ளும் என்ன இருக்கிறதோ.

மறுபடி ஏறுவதென்றால் முதல் தட்டிலிருந்து தொடங்கு. அங்கேயே நின்று வேலை செய். அது பழகியபின் அடுத்தது. மேற்பார்வையாளர் ஒரேயடியாக மேலே போகச் சொன்னால், பட்டியைச் சரிபார்க்கவேண்டும் என்று நின்று கேள். இரண்டு கொக்கி உள்ள வாரா, ஒன்று உள்ளதா? இரண்டு உள்ளதென்றால் நகரும்போது எப்போதும் ஒன்று மாட்டியே இருக்கும். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டு, கால்மட்டத்தில் மாட்டினால் விழுகிற தூரம் கூடும். வாரில் மடித்துத் தைத்த ஒரு பொதி இருக்கும், விழும்போது அது கிழிந்து விரிந்துதான் அதிர்ச்சியை வாங்கும். ஒரு தடவை கிழிந்த வாரை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. உன் கூட்டாளி தொங்கிய வார் இப்போது எங்கே என்று விசாரி. அதையே துடைத்து வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் வாய் திறந்து சொல். பட்டியில் ஒருவர் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும், அதனால் உடனே இறக்கவேண்டும். யார் எப்படி இறக்குவது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்களா என்று கேள். கோயில் லயத்துக்காரியிடம் கேட்டுத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், அவள் பக்கத்திலிருந்து திருத்தினாள்.

இன்னொன்று. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30வரை வெயிலில் வெளிவேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பகல் 11 மணிக்கு வெயிலில் நின்றதாக ஒருமுறை சொன்னாய். அது கூடாது, தம்பி. வெயிலில் தலை சுற்றியபடி உயரத்தில் நிற்கிறவனுக்கு எந்தத் தைரியமும் உதவாது. இந்த இடமே சரியில்லை என்று உனக்குத் தோன்றினால் வேலை மாறு. 2020இலிருந்து முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே மாறலாம். முன்னறிவித்தல்தான் கொடுக்கவேண்டும், இரண்டு வருடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு மாதம். நிலத்தில் நிற்கிற வேலை கிடைத்தாலும் போ, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. நீ உயரத்தில் ஏறித்தான் ஆண்பிள்ளை என்று காட்டவேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடி மலைக்குப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை கணக்கில் ஒன்று பிழைத்தால் பென்சிலையே கீழே வைத்துவிடுவாள். அவளோடு பின்னேரத்தில் உட்கார்கிறேன். பணிய லயத்துக் கூரைத் தகரம் காற்றில் போய், தோட்டத்தில் இன்னும் மாற்றிக் கொடுக்கவில்லை. மழை தொடங்குவதற்குள் நானும் இன்னும் சிலரும் போய்ப் பேசப்போகிறோம். ஐப்பசி பிறந்தால் பெரிய கல்லுக்கும் லீவுதான், ஈரப் பாறையில் நாங்கள் ஏறுவதில்லை.

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே சொல். முழுக்க வேண்டாம், "உயரத்துல கொஞ்சம் பயமா இருந்துச்சும்மா, இப்ப கீழ வேலை செய்றேன்" என்றால் போதும். அவள் அழுவாள், பிறகு அவளே உனக்குத் தைரியம் சொல்வாள். நீ நினைக்கிறதைவிட அம்மா பலமானவள். வெள்ளிக்கிழமை நீ எடுக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

நாளைக்கே உன் பட்டியையும் வாரையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பு. தையல் தெரியவேண்டும், எழுதியிருக்கும் சீட்டும் தெரியவேண்டும். கோயில் லயத்துக்காரி பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். அவள் சொல்லும்வரை மேலே ஏறாதே. அந்த நேபாளப் பையன் பெயரையும் எழுது, அம்மா கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது அவன் பெயரையும் சொல்லச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
அக்கா